வெள்ளைக் கூழ்

அண்ணனுக்கு அழுக்கு என்றால் ஆகவே ஆகாது. சலவைக் கடை வைத்திருப்பவருக்கு அது நல்ல குணம்தான். ஊரில் ஒருத்தர் சட்டையும் அழுக்காகாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது என்பது வேறு விஷயம். அழுக்கை நம்பிப் பிழைத்துக்கொண்டே அதை இவ்வளவு வெறுப்பது நன்றி கெட்ட செயல் இல்லையா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன்.

"வாயை மூடிட்டு காலரைத் தேய்" என்பார்.

தேய்ப்பேன். எனக்கு வாய்தான் முதலீடு, கை அண்ணனுடையது. கடையின் முன்பக்கம் ஒரு நீள மேசை. துணி வாங்குவது, கொடுப்பது, வருகிறவர்களைச் சிரிக்க வைப்பது எல்லாம் அங்கே நான். என் முதுகுக்குப் பின்னால் இரண்டு இஸ்திரி மேசைகள், சீறிக்கொண்டே இருக்கும் ஒரு நீராவி அழுத்தி, அதற்கும் பின்னால் துவைக்கிற அறை. அங்கெல்லாம் அண்ணன் ராஜ்ஜியம். கல்யாணம் ஆகாத தம்பி என்பதால் எனக்கு மாடியில் ஓர் அறையும், அண்ணியின் கையால் மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு.

சட்டைக்குக் கஞ்சி போடுவதில் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. மூலையில் ஒரு மூட்டை நிற்கும். மேலே அச்சடித்த படத்தில் பச்சை இலை விரித்த மக்காச்சோளக் கதிர் ஒன்று, மணி மணியாகப் பல்லைக் காட்டிச் சிரிக்கும். உள்ளே இருப்பது பாலை விட வெள்ளையான மாவு. விரல் நடுவே வைத்து அழுத்தினால் கிறீச் என்று சத்தம் கொடுக்கும். அதைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, போதாதென்று மறுபடியும் வடிகட்டுவார். வெள்ளைச் சட்டைத் தோளில் கடுகளவு பொட்டு விழுந்துவிட்டால் வீட்டில் துக்கம் நடந்த மாதிரி உட்கார்ந்துவிடுவார்.

ஒரு மத்தியானம் அண்ணி டீயோடு கடைக்கு வந்தவள், அப்படியே நின்றாள்.

"என்னங்க, கால்ல என்ன?"

அண்ணன் குனிந்து பார்த்தார். நீராவி அழுத்தியின் குழாய் மூட்டு கசிந்து, கொதிக்கிற தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவர் பாதத்தின் மேல் விழுந்திருக்கிறது. கட்டை விரல் தோல் வெந்து, கொப்புளம் உடைந்து, செருப்பு நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவர் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. முகத்தில் வலி இல்லை.

"இது எப்போ ஆச்சு?" என்று எங்களைக் கேட்டார்.

அப்போதுதான் அவருக்குச் சர்க்கரை வியாதி எவ்வளவு முற்றியிருக்கிறது என்று வீட்டுக்குத் தெரிந்தது. விரல்களில் உணர்ச்சியே போயிருந்தது. புண் ஆறவில்லை. ஓரம் கறுக்க ஆரம்பித்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அறுவைச் சிகிச்சை டாக்டர் அதிகம் பேசாதவர். பாதத்தைத் திருப்பிப் பார்த்தார், ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார்.

"கட்டை விரல் போயிடும். அதை விடுங்க. சர்க்கரை இறங்கினாத்தான் நான் கத்தி வைக்க முடியும். இறங்கினா ஒரு விரலோட நிறுத்தலாம். இறங்கலைன்னா எங்கே நிறுத்தறதுன்னு எனக்கே தெரியாது."

அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நின்னுக்கிட்டு இஸ்திரி போட முடியுமா சார்?"

"ஒரு விரல் இல்லாம நிக்கப் பழகிக்கலாம். பாதம் இல்லாம கஷ்டம்." பிறகு கொஞ்சம் இரங்கினார். "ஊசி மருந்து நான் பார்த்துக்கறேன். சாப்பாட்டை நீங்க பாருங்க. இனிப்பு கூடவே கூடாது. தீட்டின தானியம் வேண்டாம். முழுத் தானியமா, அளவா சாப்பிடுங்க. மக்காச்சோளம் கிடைக்குதே, அது நல்லது."

அண்ணி மறுநாளே மக்காச்சோளம் வாங்கி, மெஷினில் கரகரப்பாக அரைத்து வந்து கூழ் காய்ச்சினாள். மஞ்சளாக, மண் வாசனையோடு, பொடிப்பொடியாகத் தோல் மிதந்தது. நடுநடுவே கறுப்பு முனைகள்.

அண்ணன் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். வாடிக்கையாளர் கொண்டு வந்த காலரைப் பார்ப்பது போலவே பார்த்தார்.

"இது என்ன மிதக்குது?"

"தோலுங்க."

"களையலையா?"

"நல்லாத்தான் களைஞ்சேன். சோளத்துக்குத் தோல் இருக்காதா?"

எழுந்து போய் ஒரு வடிகட்டும் துணியை எடுத்து வந்தார். கூழைச் சுடச்சுட அதில் ஊற்றிப் பிழிந்தார். துணியில் பழுப்பும் மஞ்சளுமாக ஒரு கைப்பிடி தங்கியது. அதை எங்கள் இருவருக்கும் காட்டினார்.

"பாத்தியா? இவ்வளவையும் வயித்துக்குள்ள தள்ளச் சொல்றியா?"

அது குப்பைக்குப் போனது. கீழே இறங்கிய வெளிறின தண்ணீரைத்தான் குடித்தார். சில நாள் இப்படியே போயிற்று. அப்புறம் ஒரு காலையில், கடையில் மாவு கரைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏண்டா, இதுவும் மக்காச்சோளம்தானே?"

மூட்டையைப் பார்த்தேன். கதிர் சிரித்தது. "மக்காச்சோளம் மட்டும்" என்று பெரிய எழுத்தில் போட்டும் இருந்தது.

"வீட்ல பிழியறதை இங்க மெஷின்லயே பிழிஞ்சு அனுப்பிட்டான். தோல் இல்லை, தூசி இல்லை. எதுக்கு இவ அங்க கஷ்டப்படணும்?"

மூட்டை போடுகிறவரைக் கேட்டோம். தாராளமாகச் சாப்பிடலாம், ஹோட்டல்காரர்களும் சூப் கெட்டியாக இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். அண்ணனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"அண்ணே, யோசிச்சுக்கோங்க" என்றேன். "இதைக் குடிச்சா உள்ளுக்குள்ள மொடமொடன்னு ஆயிடும். படுக்க வைக்கும்போது ரெண்டா மடிச்சு, ஊசி குத்தி, அட்டையில வெச்சுத்தான் படுக்க வைக்கணும்."

அண்ணி சிரித்தாள். அண்ணனும் சிரித்தார். கால் புண்ணான பிறகு அவர் சிரித்தது அன்றுதான். அதனால் அந்த யோசனை எனக்கும் பிடித்துப் போயிற்று.

அதிலிருந்து மூன்று வேளையும் வெள்ளைக் கூழ். உப்பு மட்டும். பொங்கி வந்ததும் கண்ணாடி போல ஆகிவிடும். கரண்டியைச் சாய்த்தால் மொத்தமாக நழுவி விழும். ஒரு நாள் துணைக்கு ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன். மழை பெய்து கழுவின ஜன்னல் கண்ணாடியை நக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மறு வாய்க்கு எனக்குத் தைரியம் வரவில்லை. அண்ணன் அதை ஒரு விரதம் போலக் குடித்தார். அவர் எப்பேர்ப்பட்ட இனிப்புப் பிரியர் என்பது தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். டீயில் சர்க்கரையை விட்டார், டீயையே விட்டார். வாடிக்கையாளர் வீட்டு விசேஷத்துக்கு வந்த பலகாரப் பெட்டியைத் திறக்காமல் என்னிடம் தள்ளினார். நான்தான் மனம் கேட்காமல் காலி செய்தேன்.

சர்க்கரை ஏறியது.

டாக்டர் ஊசியைக் கூட்டினார். மறுபடியும் ஏறியது. கறுப்பு, பக்கத்து விரலின் ஓரத்தைத் தொட்டது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அண்ணனை நேராகப் பார்த்தார்.

"மறைச்சு வெச்சு ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்லை சார்."

"எல்லாரும் இல்லைன்னுதான் சொல்வாங்க. ரத்தம் பொய் சொல்லாது."

திரும்பி வரும் வழியில் அண்ணி எங்களுக்கு இரண்டடி முன்னால் நடந்தாள்.

சலவைக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. துணி தண்ணீருக்குள் போகுமுன் ஒவ்வொரு பாக்கெட்டையும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். சாவி, பேனா, பல்குத்தும் குச்சி, காதலி கொடுத்த சீட்டு, எது வேண்டுமானாலும் இருக்கும். அண்ணி அன்றிலிருந்து அண்ணனின் சட்டைப் பாக்கெட்டுகளைத் தடவ ஆரம்பித்தாள். ஒரு நாள் சாயங்காலம் அவள் கை ஒரு பளபளப்பான தாளோடு வெளியே வந்தது. மிட்டாய் சுற்றின தாள்.

அதைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தாள். பக்கத்தில் கூழ்க் கிண்ணம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"இது என்னங்க?"

"கஸ்டமர் பேண்ட்ல இருந்துச்சு. தூக்கிப் போடலாம்னு பாக்கெட்ல வெச்சேன், மறந்துட்டேன்."

"யார் பேண்ட்?"

"யாருதுன்னு எப்படி ஞாபகம் இருக்கும்? ஒரு நாளைக்கு எத்தனை பேண்ட் வருது!"

"மிட்டாய் எங்க?"

"தாள்தான் இருந்துச்சு."

"தாள் மட்டும் வந்துச்சு, மிட்டாய் வரலை."

"ஏய், நான் சொல்றேன்ல."

"உங்க கால் அழுகுதுங்க" என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. "நான் விடிஞ்சதும் எந்திரிச்சு கூழ் கிண்டறேன். நீங்க பாக்கெட்ல மிட்டாய் வெச்சுத் திங்கறீங்க. விரல் போனா உங்களுக்கு மட்டுமா போகுது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார். நானும் சொன்னேன். என்னுடைய சங்கடம் எப்போதும் வேடிக்கைப் பேச்சாகத்தான் வெளியே வரும்.

"விடுங்க அண்ணி. சின்னப் பிள்ளைதானே, ஆசைப்பட்டிருக்கு."

அண்ணன் கூழை முழுசாகக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்தார். அவருக்குக் கிண்ணம் கழுவத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் இடம் முன்மேசையாயிற்றே! வருகிறவர்கள் எல்லாம் அண்ணனின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். புண்ணைப் பற்றிப் பேசினால் அவர்கள் முகம் வாடும். முகம் வாடினால் எனக்குத் தாங்காது. அதனால் மிட்டாய்த் தாளைப் பற்றிப் பேசினேன்.

"கால் பரவாயில்லை. பாக்கெட்லதான் திருட்டு மிட்டாய்க் கடை நடக்குது. அண்ணி ரெய்டு போட்டுப் பிடிச்சுட்டாங்க."

பக்கத்துத் தையல்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வங்கிக் காவலாளி, "அண்ணாச்சிக்கு இந்த வயசுல இது தேவையா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வாரம் தவறாமல் வெள்ளைச் சட்டை போடுகிறவர். அவர் மட்டும் சிரிக்காமல், "நாக்கை அடக்கறது கஷ்டம்தான், பாவம்" என்று உள்ளே பார்த்து அனுதாபப்பட்டார். உள்ளே இஸ்திரிப் பெட்டி ஒரு கணம் நின்றது. பிறகு சட்டை திரும்புகிற சத்தம் கேட்டது, மறுபக்கத்தைத் தேய்த்தார்.

அடுத்த நாளிலிருந்து அண்ணன் வீட்டில் சாப்பிடவில்லை. கூழைத் தூக்குப் பாத்திரத்தில் கடைக்குக் கொண்டு வந்து, என் முன்மேசைக்கு வெளியே, தெருவைப் பார்த்து ஒரு ஸ்டூல் போட்டுக் குடித்தார். போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி. முன்பு ஒரு கிண்ணம் குடித்தவர் இப்போது இரண்டு குடித்தார். வேறெதுவும் தன் வாய்க்குள் போகவில்லை என்று ஊருக்குக் காட்ட அவருக்கு வேறு வழி தெரியவில்லை. நல்லவன் என்று நிரூபிக்க ஒரு மனிதன் கிண்ணம் கிண்ணமாகத் தன் காலைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் நின்று ரசீது எழுதிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பரிசோதனையையும் டாக்டர் பார்த்தார். "கீழ் மாடியில உணவு ஆலோசகர் இருக்காங்க. அவங்களைப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். வாசலைத் தாண்டும்போது, "அடுத்த தடவையும் இப்படியே இருந்தா கணுக்காலைப் பத்திப் பேச வேண்டியிருக்கும்" என்றார்.

கீழ் மாடியில் ஒரு சின்ன அறை. மேசை மேல் பிளாஸ்டிக் வாழைப்பழம், பிளாஸ்டிக் ரொட்டி, பிளாஸ்டிக் முட்டை. ஜன்னல் ஓரம் கண்ணாடிக் குப்பிகளில் நிஜத் தானியங்கள். ஆலோசகரம்மா இளவயதுதான், மத்தியானமே களைத்துப் போயிருந்தாள். நான் பிளாஸ்டிக் முட்டையைக் காட்டி, "இதைச் சாப்பிட்டா சர்க்கரை ஏறாதுல்ல?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை.

"காலையில என்ன சாப்பிடுறீங்க?"

"மக்காச்சோளக் கூழ்" என்றார் அண்ணன்.

"மத்தியானம்?"

"அதேதான்."

"ராத்திரி?"

"அதேதான். வேற எதுவும் இல்லைம்மா. நம்பினா நம்புங்க."

அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆலோசகரம்மா அதைக் கவனித்தாள். நம்புவதாகவோ நம்பாததாகவோ காட்டிக்கொள்ளவில்லை. அண்ணியைப் பார்த்து, "எப்படிக் காய்ச்சுவீங்க, சொல்லுங்க" என்றாள்.

"பச்சைத் தண்ணியில கரைச்சு அடுப்புல வெப்பேன். கிண்டிக்கிட்டே இருந்தா திடீர்னு இறுகி, கண்ணாடியாட்டம் ஆகும். உடனே இறக்கிடுவேன்."

"எவ்வளவு நேரத்துல?"

"அது பொசுக்குனு ஆயிடும்."

பேனா நின்றது. "கண்ணாடி மாதிரியா? என்ன நிறம்?"

இதற்கு அண்ணன் முந்திக்கொண்டார். "பளிச்சுனு வெள்ளைம்மா. ஒரு பொட்டுத் தூசி இருக்காது. வீட்ல அரைச்சதுல தோலும் குப்பையுமா மிதந்துச்சு. நாங்க சலவைத் தொழில் பண்றவங்க. கடையிலயே சுத்தமான மாவு இருக்கு, சட்டைக்குப் போடறது. அதுவும் மக்காச்சோளம்தான், மூட்டையிலயே போட்டிருக்கு. சாப்பிடற சரக்குதான்னு விசாரிச்சுட்டுத்தான் எடுத்தோம்."

அவர் குரலில் அத்தனை நாளுக்குப் பிறகு பழைய மிடுக்கு வந்திருந்தது. அதைக் கேட்க எனக்கு என்னவோ செய்தது. ஏனென்றால் நான் ஆலோசகரம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் எழுந்து ஒரு குப்பியிலிருந்து நாலைந்து மக்காச்சோள மணிகளை எடுத்தாள். ஒன்றை மேசை மேல் வைத்து, சின்னக் கத்தியால் நெடுக்காகப் பிளந்தாள். இரண்டு பாதியையும் அண்ணன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இங்க பாருங்க. வெளியில இருக்கிறது தோல். நார்ச்சத்து முழுக்க இதுலதான். கீழே முனையில, இந்தக் குட்டியா மங்கலா தெரியுதே, இது முளை. நல்ல எண்ணெய், வைட்டமின் எல்லாம் இதுல இருக்கு. மிச்சம் இருக்கிற இந்த வெள்ளை, மாவு. முழுசா மென்னு சாப்பிட்டா, தோல் இருக்கிறதால இந்த மாவு மெதுவாத்தான் கரையும். சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல சேரும். வயிறும் சீக்கிரம் நிறைஞ்சிடும், குடலுக்கும் நல்லது. டாக்டர் சொன்னது இதைத்தான்."

கத்தி முனையால் தோலையும் முளையையும் கெல்லி ஒதுக்கினாள். வெள்ளை மட்டும் தனியாகக் கிடந்தது.

"உங்க மூட்டையில இருக்கிறது இது மட்டும். காவல் இல்லாத வெறும் மாவு. அதுவும் கூழா காய்ச்சிக் குடிச்சா, உள்ளே போன உடனே சர்க்கரைதான். இனிப்பா இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்."

அண்ணன் அந்த வெள்ளைத் துணுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பாதத்தைப் பார்த்தேன். அண்ணி யாரையும் பார்க்கவில்லை.

"அப்படின்னா" என்று அண்ணன் தொண்டையைச் செருமினார். "அப்படின்னா, நான் வேற எதையும் மறைச்சுத் திங்காமலே இவ்வளவு ஏறியிருக்கலாமா?"

"தாராளமா."

"மிட்டாய் ஒண்ணும் வேண்டாம்?"

"எதுக்கு மிட்டாய்? இதுவே போதுமே. நீங்க சொன்னதைச் சொன்னபடி சாப்பிட்டிருந்தாலே பரிசோதனையில இப்படித்தான் வரும்."

அண்ணன் அண்ணியின் பக்கம் திரும்பினார். கால் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். போகிற காலைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோம் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

"கேட்டியா?" என்றார். அவ்வளவுதான்.

அண்ணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "நான்தானேம்மா கிண்டினேன்" என்றாள் ஆலோசகரம்மாவிடம். "என் கையாலதானே மூணு வேளையும்..."

"நான் சொல்லித்தான் கிண்டினா" என்றார் அண்ணன் அவசரமாக. "அவ முதல்ல சரியானதைத்தான் செஞ்சா. நான்தான் பிழிஞ்சு கொட்டினேன்."

"யார் கிண்டினது, யார் கொட்டினதுன்னு நான் கேக்கலை" என்றாள் அவள். "நாளையிலேர்ந்து என்ன கிண்டப் போறீங்க, அதைச் சொல்லுங்க."

சொல்லிக் கொடுத்தாள். முழு மணியை ஊற வைத்து வேக வைப்பது. அரைத்தால் தோலோடு, கரகரப்பாக. அதுவும் ஒரு சின்னக் கிண்ணம்தான். மக்காச்சோளம் நல்லது என்று மலையாகக் குவிக்கக் கூடாது. கூடவே பருப்பும் கீரையும். "இது மருந்து இல்லை. ஊசியை ஒரு நாளும் விடக் கூடாது. ஆனா ஊசி வேலை செய்யறதுக்கு இது இடம் கொடுக்கும்" என்றாள்.

கடைக்குத் திரும்பியதும் அண்ணன் உள்ளே போகாமல் முன்மேசை அருகே நின்றார்.

"டேய்."

"சொல்லுங்கண்ணே."

"நீ யார் யார்கிட்ட சொன்னியோ, அவங்ககிட்ட எல்லாம் போய்ச் சொல்லிடு."

"என்னன்னு?"

"நான் திருடித் திங்கலைன்னு."

"அண்ணே, அதெல்லாம் சும்மா சிரிக்கச் சொன்னது. அவங்க எப்பவோ மறந்திருப்பாங்க."

"நான் மறக்கலை" என்றார்.

சிரிக்க வைத்ததைத் திரும்ப வாங்குவது போலக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. தையல்காரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அட, இதுக்கா வந்தீங்க? ஒரு மிட்டாய்தானே, தின்னா என்ன இப்போ?" என்றாள். தின்னவில்லை என்று மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னேன். சரி சரி என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. வங்கிக் காவலாளி முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ சட்டைக்குப் போடறதையா குடிச்சாரு?" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பழைய வேடிக்கையை விட இது நல்ல வேடிக்கை, எனக்கே தெரிகிறது. அந்த வேடிக்கையை நானே போய் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருந்தது. அவர் சிரித்து முடிக்கும் வரை நின்றேன். பிறகு, "அவர் வேற எதுவுமே திங்கலைங்க. சொன்ன சொல் தவறலை. நான்தான் தப்பாப் பேசிட்டேன்" என்றேன். அவர் சிரிப்பு நின்றது. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

வீட்டில் அண்ணி மக்காச்சோளம் வேக வைத்தாள். முதல் நாள் அண்ணன் கிண்ணத்தை வெகு நேரம் பார்த்தார். தோல் தோலாக, முனை கறுத்து, அவர் வாழ்நாள் முழுக்க எதை வடிகட்டி எறிந்தாரோ அதெல்லாம் உள்ளே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"எப்படிங்க இருக்கு?" என்றாள் அண்ணி.

"தாடை வலிக்குது."

"பிடிக்கலையா?"

இன்னும் கொஞ்சம் மென்றார். "லேசா இனிக்குது" என்றார், ஆச்சரியமாக. உடனே பயந்துபோய் எங்கள் இருவரையும் பார்த்தார். "இது அதுலயே இருக்கிறதுதானே?"

"அதுலயே இருக்கிறதுதாங்க" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள் சீக்கிரம் திரும்பி வரவில்லை.

சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடவில்லை. ஏற்கெனவே கூட்டியிருந்த ஊசி இப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பரிசோதனையைப் பார்த்த டாக்டர் முதல் முறையாகத் தலையை ஆட்டினார். "இப்போ செய்யலாம். பாதம் தங்கிடும்." பிறகு பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஆனா பக்கத்து விரலும் போயிடுச்சு. ரெண்டு எடுக்கணும்."

ஒன்று முதலிலேயே போக வேண்டியது. மற்றொன்று கூழுக்குப் போனது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணிக்கு யாரும் சொல்லத் தேவையும் இல்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்து சாப்பிடலாம் என்று சொன்ன அன்று, நானும் அண்ணியும் பார்வை நேரத்தில் போனோம். வார்டில் எட்டுக் கட்டில்கள். ஜன்னல் ஓரக் கட்டிலில் அண்ணன். பாதம் பெரிய வெள்ளைப் பொட்டலமாக ஒரு தலையணை மேல் இருந்தது. கட்டுத் துணியின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. முன்பு என்றால் நர்சைக் கூப்பிட்டுச் சண்டை போட்டிருப்பார்.

அண்ணி டப்பாவைத் திறந்தாள். வேக வைத்த மணிகளும் கீரையும். கரண்டியில் எடுத்து ஊட்டப் போனாள்.

"கையிலயா விரல் போச்சு? குடு" என்றார்.

அவள் கொடுக்கவில்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. வாயைத் திறந்தார். அவர் மென்று முடிக்கும் வரை அவள் அடுத்த கரண்டியைக் கையிலேயே வைத்துக் காத்திருந்தாள். பார்வை நேரம் முடியப் போகிறது என்று மணி அடித்தார்கள். அப்போதும் அவசரப்படுத்தவில்லை.

"அந்த மிட்டாய்த் தாளு" என்றாள் மெதுவாக. "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க."

அண்ணன் மென்றுகொண்டே அவள் கையை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தையல்காரம்மாகிட்ட சொன்னியா?"

"ரெண்டு தடவை சொன்னேன்."

"வாட்ச்மேன்கிட்ட?"

"சொல்லிட்டேன். உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னாரு."

"வாத்தியாரு?"

"அவர் பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காராம். வர நாளாகும்னாங்க. அவர் அப்பவே சிரிக்கலைண்ணே, பாவம்னுதான் சொன்னாரு."

அண்ணன் வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார்.

"வந்ததும் சொல்லு" என்றார்.